உயிரை விட்டு

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
பதினோரு டைப்ரைட்டர்கள், ஒரு நீள மேசை.
ஜெசிந்தா என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
"எழுத்தை மறந்துடுங்கக்கா" என்றாள் முதல் நாள்.
"காதுல என்ன விழுதோ அதுக்குத்தான் கோடு."

ஒரே ககரத்தை வைத்துக் காலம் தள்ளியவள் நான்.
காகம் என்றால் இரண்டு க.
இரண்டும் ஒன்றில்லை என்கிறது பென்சில்.
முதலாவது தொட்டும் தொடாமலும்,
இரண்டாவதற்கு அழுத்தம்.
முப்பத்திரண்டு வருஷமாக
வாய் செய்துவந்த வித்தியாசம்
கைக்கு இப்போதுதான் கேட்கிறது.

ஆத்தங்குடி பஸ்ஸில் கண்டக்டர்
உள்ள போ உள்ள போ, சில்லறை சில்லறை என்பதைத்
தொடைமேல் விரலால் எழுதிக்கொண்டே போவேன்.
பக்கத்துச் சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாள்.
எங்கள் பட்டறையில் கண்ணாடிமேல்
சாயச் சிமெண்டு ஊற்றும்போது ஒரு சத்தம் வரும்,
அதற்கு என்ன கோடு என்று கேட்டேன்.
"அது வார்த்தையே இல்லையேக்கா."

புள்ளியும் கீற்றும்தான் உயிரெழுத்து.
கோட்டுக்கு முன்னால், பின்னால், மேலே, நடுவில்,
இடம் மாறினால் ஆள் மாறிவிடும்.
"அறுபதைத் தாண்டணும்னா உயிரை விட்டுடுங்க.
மெய் போதும்.
படிக்கிறப்ப உயிர் தானா வந்து ஒட்டிக்கும்."
அக்கா என்பதில் உயிரை எடுத்துவிட்டால்
மிச்சம் ஒரே ஒரு படுத்த கோடு,
நகக்கண் அளவு.

அப்பாவுக்குக் கருமாதி முடிந்த ராத்திரி
அடைக்கலமும் சேவுகனும் பட்டறையில் பேசினார்கள்.
நான் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து
பரீட்சைக்குப் படிப்பதுபோல் எழுதினேன்.
பார்த்தால் பார்க்கட்டும்,
கோழி கிளறியது என்றுதான் நினைப்பார்கள்.
அச்சுகள் யாருக்கு, தேவகோட்டை பாக்கி யார் தலையில்,
வந்து இறங்கிய மணல், ரோட்டோரத்து ஒன்றரை சென்ட்.
நாற்பது நிமிஷம். பதினேழு பக்கம்.
கை எங்கும் தடுக்கவில்லை.
ஜெசிந்தா கடிகாரத்தோடு நின்றிருந்தால்
எண்பது என்று சொல்லியிருப்பாள்.

மறுநாள் பெயர்த்து எழுத உட்கார்ந்தேன்.
பதினாலாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி,
சேவுகன் பேசுகிறான்.
அந்தப் பின்னறை (நான் ஏழு வருஷமாக இருக்கும் அறை),
அக்காவுக்கு,
பிறகு ஒரு படுத்த கோடு,
அதன் முனையிலிருந்து இறங்கும் தடித்த கோடு.

கொடு.
கெடு.
இரண்டுக்கும் மெய் ஒன்றுதான்.

முன்னும் பின்னும் பார்த்துப் படிக்கணும் என்பாள்.
பின்னால் இருப்பது: மழைக்கு முந்தி.
அதற்கும் பின்னால்: சரி, டீ சொல்லு.

அவன் குரலைத் தேடிப் பார்த்தேன்.
ஏறியதா, இறங்கியதா,
என் பக்கம் திரும்பினானா?
டகரம் நன்றாக விழவேண்டுமே என்ற கவலையில்
பென்சிலை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.
ஒரு சொல் விடாமல் எடுத்தவளுக்கு
அந்தச் சொல் மட்டும் கேட்கவில்லை.

கேட்டுவிடலாம். பத்தடி தூரம்.
துணியை எண்ணெயில் நனைத்துக்
கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறான்.

போகவில்லை. பஸ் ஏறினேன்.
நான்காவது மெஷினில் கார்பன் வைத்து மூன்று படி.
மற்ற வரிகளை அவர்கள் சொன்னபடியே அடித்தேன்.
பின்னறை வந்ததும்
விரல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு எனக்கு வேண்டிய உயிரைத் தட்டினேன்.
ஜெசிந்தா மூலப்பிரதியைப் பார்த்தாள்,
டைப் அடித்ததைப் பார்த்தாள்.
"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

சாயங்காலம், "நீங்க பேசினது" என்று நீட்டினேன்.
அடைக்கலம் பாக்கித் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டான்.
சேவுகனுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும்.
சாயம் படிந்த விரலால் வரி வரியாக இறங்கினான்,
சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய.
மூன்றாம் தாளில் விரல் நின்றது.
கெ என்றால் உதடு விரியும்.
கொ என்றால் குவியும்.
நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.