தொறு மீட்டுப் பட்டான்

அரூரைத் தாண்டி, கேழ்வரகுக் கொல்லையில்
முழங்கால்வரை புதைந்து நிற்கிறான் கோடஞ்சாத்தன்.
தொறு மீட்டுப் பட்டானாம். கல் சொல்கிறது.

இருபது வருடமாக மாட்டு டாக்டர் நான்,
எனக்குச் சந்தேகம்.
பொழுது சாய்ந்தால் மாடு தானே வீடு திரும்பும்,
மீட்க என்ன இருக்கிறது?
புளி உலுக்க ஏறி விழுந்திருப்பான்.
கல்லில் மரத்துக்கு இடம் போதவில்லை,
கையில் வில்லைக் கொடுத்துவிட்டான் தச்சன்.
தொடையில் மூன்று அம்பு:
அம்புக்கு இத்தனை படி தினையென்று
பேரம் நடந்திருக்கும்,
நாலாவதுக்கு அவன் பெண்டாட்டி
முடியாதென்றிருப்பாள்.

சிரித்துக்கொண்டே வண்டியை எடுக்கக் குனிந்தபோதுதான்
காலடியில் அந்த நாய்.
இடது காது மட்டும் பாதி இல்லை.
உடைந்ததல்ல; அப்படியே செதுக்கியது.

பொய் சொல்கிறவனுக்கு
நாயின் காது
ஞாபகம் வராது.