எந்தக் கோல்

இருநூற்றுப் பதினான்கு கோடியே
எழுபத்துநான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து
அறுநூற்று நாற்பத்தேழு.
கிரயத் தொகை இல்லை, பைட்டுக் கணக்கு.
ஐப்பசி அடைமழையில், ஒரு புதன் இரவு,
அடப்பாற்றுக் கடைமடை ரெகுலேட்டரின் பதிவுக் கோப்பு
அதைத் தாண்டியது.
தாண்டியதும் திறக்கமாட்டேன் என்றது.

கூத்தாநல்லூர், பாத்திரக் கடைக்கு மேல்மாடி.
என் நூலகத்தைத் தொகுக்கும் கட்டளையில்
ஒரு சொல் சேர்த்தேன்: இனி அறுபத்துநான்கு பிட்.
தலைப்புக் கோப்பைத் தொடவில்லை.
தொட என்ன இருக்கிறது அதில்?
இடம், மதகு, மட்டம். மூன்றே உறுப்பு.
இடத்துக்கு ஆஃப்_டி என்று போட்டிருந்தேன்,
எல்லாரும் போடுகிற மாதிரி.
அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் திருவாரூரிலிருந்து அருளப்பன்.
"மெஹர், ஏழு மதகுக்கும் நம்பர் பூஜ்யம்னு வருது.
இடம் மைனஸ்ல இருக்கு.
மட்டம் மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணு...
கடைசியில ஏழு."
தண்ணீர் எங்காவது
ரேஷன் கடை வரிசையில் நிற்குமா?

மறுபடி தொகுத்தும் பார்த்திருக்கிறார்.
தொகுப்பி முனகவில்லை.
இணைப்பி பெயரைப் பார்த்தது, பெயர் சரி, விட்டுவிட்டது.
என் ஆஃப்_டி எட்டு பைட். அவருடையது நாலு.
மேல்பாதியின் வெறும் பூஜ்யம் அவருக்கு மதகானது.
மதகின் எண் நகர்ந்து மட்டத்தில் உட்கார்ந்தது.
நிஜ மட்டமோ
வரப்பைத் தாண்டி அடுத்த மாறியின் வயலில் கொட்டியது.
அவர் ஒதுக்கியது பன்னிரண்டு பைட்,
நான் எழுதியது பதினாறு.

பன்னிரண்டு, பதினாறு.
டீ ஆறும்வரை அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பன்னிரு சாண் கோல் ஒன்று, பதினாறு சாண் கோல் ஒன்று,
இரண்டாலும் அளந்த மண் இது.
நூறு குழி என்று எழுதி
எந்தக் கோல் என்று எழுதாத பத்திரத்தை
ஊர் முழுக்கக் கொடுத்திருக்கிறேன்.
வாங்கியவர்மேல் என்ன வழக்கு?

வியாழன் மதியம் ஆஃப்_டியை அடித்தேன்.
எட்டு பைட் என்று என் கையாலேயே எழுதினேன்,
யார் எந்தச் சொல்லோடு தொகுத்தாலும் எட்டு.
புதுச் சார்பின் பெயர் முடிவில் அறுபத்துநான்கு.
பழைய பெயரை எடுக்கவில்லை.
முத்துப்பேட்டையில் ஒரு பெட்டி
மூன்று வருடமாகத் தொகுக்கப்படாமல் ஓடுகிறது,
அதைத் திறக்கும் சாவி யாரிடம் என்று தெரியவில்லை.
அது கேட்டால்
பழைய பெயர் பழைய அகலத்தில் பதில் சொல்லும்.
அடங்காததைக் கேட்டால்
அடங்காது என்று சொல்லித் திரும்பும்.
ஏழாம் மதகில் ஏழு என்று சொல்லாது.

அன்றைக்கு ஏழாம் மதகில்
இருநூற்றுப் பத்தொன்பது சென்டிமீட்டர்.
அருளப்பன் போனில் படித்தார்.
இன்னொருமுறை படிக்கச் சொன்னேன்.