ஒட்டகங்கள் உள்ளே இருக்கின்றன

நூவாதிபூ மீன்சந்தைக்குப் பின்னால் என் கடை.
முடிதிருத்துபவருக்குக் கத்தரிக்கோல் வரைவேன்.
கறிக்கடைக்கு, தலை திருப்பிப் பார்க்கும் ஆடு.
பல் பிடுங்குபவருக்கு
எந்த வாயிலும் அடங்காத ஒரு பல்.

விடுதிக்கார யெஸ்லிம் வந்தார்.
"வரவேற்பறைக்கு ஒரு பாலைவன இரவு வேண்டும்.
மூன்று மீட்டர் அகலம்.
நிலா, கூடாரம்,
ஒட்டகம் ஐந்தாவது இருக்கட்டும்.
வருகிறவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்."
முன்பணம் தந்தார்,
எண்ணி, மறுபடி எண்ணி.

வரைந்தேன்.
நீலத்தில் தொடங்கி நீலத்திலேயே முடிந்தது.
புதிதாகத் துலக்கிய தட்டு போல நிலா.
ஐந்து ஒட்டகங்களும்
வகுப்புப் படம் எடுக்க நிற்கும் பிள்ளைகளாய்
வரிசை கலையாமல் நின்றன.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சல்கா
நிமிர்ந்து பார்த்தாள்.
"எல்லாம் இருக்கிறது.
குளிரைத்தான் காணோம்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பத்தொன்பது வயதில்
ஷூம் நிலையத்தில் ரயில் நின்ற சிறிது நேரத்தில்
இரும்புத்தாது குவித்த திறந்த பெட்டிக்குள்
ஏறி விழுந்தவன் நான்.
ஒரு போர்வை, அரை மூட்டைப் பேரீச்சை,
கடலோரத்தில் யாரோ வேலை தருவதாகச் சொன்ன
ஒரு வாய்ச்சொல்.
இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில்
கிளம்பும்போது
முதல் பெட்டி இழுபட்ட அதிர்ச்சி
ஒவ்வொன்றாய்த் தாவி வந்து
என் முதுகெலும்பில் இடித்தது.

விண்மீன்கள் இருந்தனவா?
இருந்திருக்கும்.
நான் போர்வைக்குள் இருந்தேன்.
பற்களுக்கு இடையில் தாதுத்தூள்,
இமைக்கு அடியில் தாதுத்தூள்.
குளிர்
எலும்பை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டியின் மறுமுனையில் ஒரு செருமல்.
பிறகு ஆட்டின் மூச்சு.
பிறகு, தகரத்தில் கரி உரசும் ஓசை.

அந்தக் காற்றில் எப்படித்தான் மூட்டினாளோ!
அவள் ஊதும்போது மட்டும்
ஒரு மூக்கின் நுனி தெரியும்,
மருதாணி மங்கிய இரண்டு நகங்கள் தெரியும்.
ஊதுவதை நிறுத்தினால் அவளும் இல்லை,
ஆடும் இல்லை, நானும் இல்லை.

இருட்டு ஒரு கோப்பையை நீட்டியது.
கசந்தது.
நெடுந்தூரம் கழித்து இரண்டாவது கோப்பை.
சர்க்கரையும் மண்ணும் சேர்ந்து கரகரத்தது.
"கண்ணை மூடிக்கொள், தம்பி.
தூசு போகும்.
பார்க்க அப்படி என்ன இருக்கிறது?"

மூன்றாவதற்குக் காத்திருந்து தூங்கிப்போனேன்.
விடிந்தபோது
ஆட்டுப்புழுக்கையும் சாம்பலும் கிடந்தன.
எங்கே இறங்கினாளோ.

மறுநாள் துறைமுகத் தண்டவாளத்தோரம் குந்தி
சிந்திக் கிடந்த தாதுத்தூளை
ஒரு பால்பவுடர் டப்பா நிறைய அள்ளினேன்.
காவலாளி ஹமாதி கேட்டான்:
"இதையும் விற்க ஆரம்பித்துவிட்டாயா?"
துணியில் சலித்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தேன்.
கடையில் வாங்கும் கறுப்பு செத்த கறுப்பு.
இது சாய்த்துப் பார்த்தால் சிவக்கும்,
இன்னும் சாய்த்தால் ஊதாவாகி மினுங்கும்.

முதலில் நிலாவை மூடினேன்.
அதற்கு இரண்டு பூச்சு போதவில்லை.
பிறகு கூடாரம்.
ஒட்டகங்களை ஒவ்வொன்றாக.
இடது ஓரத்தில் நின்றது மட்டும்
கொஞ்சம் நன்றாக வந்திருந்தது.
அதைக் கடைசியில்.

மூன்று மீட்டர் இருட்டில்
கீழே, வலப்பக்கம்,
ஒரு பருப்பளவு சிவப்பு வைத்தேன்.
வைத்துவிட்டு
வெகுநேரம் உள்ளங்கைகளை அக்குளில் செருகி
நின்றிருந்தேன்.

சல்கா ஒன்றும் சொல்லவில்லை.
போய்ச் சால்வையை எடுத்து வந்தாள்.
எனக்கா அவளுக்கா என்று
அவளுக்கே தெரியவில்லை.

யெஸ்லிம் முதலில் விளக்கைப் போடச் சொன்னார்.
போட்டுத்தான் இருந்தது.

"நிலா எங்கே?"
"உள்ளே."
"ஒட்டகம்?"
"ஐந்தும் உள்ளேதான்.
சத்தியமாக."

மீதிப் பணத்தைக் கையில் பிடித்தபடி
படத்தின் அருகே போனார்.
இப்போது
இடது ஓரத்தில் நின்று
சுட்டுவிரல் நகத்தால்
மெல்லச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.