கிலோ என்ன விலை

சட்டையில் ஜெபின் என்று பெயர் குத்திய பையன்
என் கையில் தூக்கிக் கொடுத்தான்.
தொள்ளாயிரத்து எண்பது கிராம், மேடம்.
பாண்டி பஜார் கடையின் ஏசிக் குளிரில்
அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.
வெங்காயம் அரியலாம் போலிருந்தது.

முதலில் பேசியது என் வலது தோள்.
பதினோரு வருடமாய்ச் சுமக்கிறது
ஒரு கறுப்புச் செங்கல்லை.
சைதாப்பேட்டையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி,
கோவிந்தப்ப நாயக்கன் தெரு.
இரும்புக் கடை, எவர்சில்வர் கடை, ஊதுபத்தி மொத்த வியாபாரம்.
எல்லா மாடிப்படியும் ஏணிக்குத் தங்கச்சிகள்.
இருபதாம் தேதிக்குள்
அத்தனை பேர் கணக்கையும்
நான்தான் அரசாங்கத்திடம் ஒப்பிக்க வேண்டும்.
வாங்கிவிடு, என்றது தோள்.

எத்தனை ஓட்டை இருக்கிறது இதில்?
இரண்டு, மேடம்.
ஒன்றில் சார்ஜர் போனால் மிச்சம் ஒன்று.
இரும்புக் கடை ராவல்ஜி பென் டிரைவில்தான் தருவார்.
எவர்சில்வர்காரரிடம் இருப்பது
சிவப்புத் துணி சுற்றிய ஹார்டு டிஸ்க்.
டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வேறு.
பிரிண்டர் வயர் என் சுண்டுவிரல் தடிமன்.
அதுக்கெல்லாம் ஹப் இருக்கு, தனியா வாங்கிக்கணும்.
மெலிந்தவள் முன்னால் வருவாள்,
சீர்வரிசை பின்னால் ஒரு பையில் வரும் போல.

கவிழ்த்துப் பார்த்தேன்.
பேட்டரிக்கு மூடி இல்லை. ராம் கூட்ட வழியில்லை.
எல்லாம் ஒட்டியே வருது, அதனாலதான் ஸ்லிம்.

அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்த டிசம்பரில்
கட்டிலுக்கடியில் மிதந்தது என் பை.
ரிச்சி தெருவில் கமாலுதீன்
பதினேழு திருகாணி கழற்றி
மீன் ஆய்ந்த மாதிரி அதை விரித்துப் போட்டான்.
பல் விளக்கும் பிரஷ்ஷால் சேறு தட்டினான்,
ஹேர் டிரையரால் ஊதினான்.
நாலாம் நாள்
ஒரு பெரிய இருமலோடு உள்ளே விசிறி சுற்றியது.

திறக்க முடியாத ஒன்றை
எப்படிக் காயப்போடுவது?

ஆனாலும்,
கரண்ட் போனால் பழையது இருபத்திரண்டு நிமிடம்.
இது பதினைந்து மணி நேரமாம்.
மே மாதம் பழையதை மடியில் வைத்தால் தோசைக்கல்.
இதற்கு விசிறியே கிடையாது, சத்தமே வராது.
சத்தமே வராவிட்டால்
வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?
இதை ஜெபினிடம் கேட்கவில்லை.
நாளைக்குச் சொல்றேன், என்று வந்துவிட்டேன்.
நாளைக்கு என்பதும் ஒரு தவணைத் திட்டம்தான்,
வட்டி இல்லை.

சைதாப்பேட்டை மார்க்கெட்டில்
தவமணியின் தராசிலிருந்து உருளைக்கிழங்கை இறக்கிவிட்டு
பழையதை எடுத்து வைத்தேன்.
இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது.
சார்ஜரையும் போடு, என்றாள்.
மூன்று கிலோ நூற்றுப் பத்து.
புதுசு எவ்ளோ கனம்?
சொன்னேன்.
எவ்ளோ ரூபா?
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
சேனைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவர்
தலை தூக்கிப் பார்த்தார்.
எடை குறையக் குறைய விலை ஏறுதா?
நான் அப்படி வித்தா அடிக்க வருவாங்க, என்றாள் தவமணி.

சிரித்தேன். சிரிக்கும்போதும் தோள் வலித்தது.
அதை அவள் தராசில் நிறுத்த முடியாது.

வழியில் பையை இடது தோளுக்கு மாற்றினேன்.
பத்தடிகூட இல்லை,
தெருவே சாய்ந்துவிட்ட மாதிரி இருந்தது.
மறுபடி வலதுக்கே.

ராத்திரி ஜெபினிடமிருந்து ஒரு செய்தி:
சலுகை ஞாயிறு வரைதான், மேடம்.
இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பழையதின் பொத்தானை அமுக்கினேன்.
எழுந்து உட்கார அதற்கு நாலு நிமிடம் ஆகும்.
அந்த நாலு நிமிடத்தில்தான்
வழக்கமாக நான் காபி போடுவது.