ஏர் இழுக்குது

காலைல மட்டும் எந்திரிக்க மாட்டேங்குதுங்,
என்று சாவியை மேசைமேல் வைத்தார் சாந்தாமணி.
காங்கேயம், சென்னிமலை ரோடு, மணி ஏழரை.
கொப்பரை வாடைக்கு இன்னும் சூடு ஏறவில்லை.
காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.
மத்தியானம் என்றால் ஒரே திருப்பாம்.
விடிகாலையில் இருபது,
பேட்டரி அழுகிற வரைக்கும்.

ராத்திரி எங்கீங்க நிறுத்துவீங்க?
களத்துலதான்.
மூக்கு எந்தப் பக்கம்?
மேட்டுப் பக்கம். ஏனுங் நிஜாம்,
வண்டிக்கும் வாஸ்து பாக்கறீங்களா?

சசியைச் சாவி போடச் சொல்லிவிட்டு
பின்னால் போய்க் குனிந்தேன்.
சைலன்சர் வாயில் புகையே இல்லை.
வெள்ளையாக வந்தால் எண்ணெய் போகிறது, எரியவில்லை.
கருப்பு வேறு கதை.
ஒன்றுமே வராவிட்டால்
இஞ்சினுக்கு இன்னும் சோறே போகவில்லை.
ரயில் பிரஷர் இல்லை என்றது ஸ்கேனர்.
ஏன் இல்லை என்பதற்கு
நான்தான் சாக்கு விரித்துப் படுக்கவேண்டும்.

ஃபில்டரின் அடித்திருகைத் திறந்தேன்.
ஒரு ஸ்பூன் தண்ணீர்.
மாசிப் பனிக்கு அவ்வளவு இருக்கும். அது இல்லை.
பழி போட வசதியாக
இன்ஜெக்டர்கள் நான்கு இருந்தன.
பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையென்றால்
இந்நேரம் கழற்றிக் கோயமுத்தூருக்குத் தாட்டிவிட்டிருப்பார்கள்.
முப்பதாயிரத்துக்குச் சீட்டும் வந்திருக்கும்.

மீன்தொட்டிக்குப் போடுகிற கண்ணாடி டியூப்,
முழம் பத்து ரூபாய்.
அதைப் பம்புக்கு முன்னால் செருகினேன்.
சசி சாவி போட
வெளிறிய மஞ்சளில் டீசல் நடந்து வந்தது,
அதற்குள் குமிழி, குமிழியாய்,
பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.

டியூபைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனேன்.
ஃபில்டருக்கு முன்னாலும் குமிழி.
கதவுக்கடியிலும்.
இடது பின்சக்கரத்துக்கு அக்கட்ட
கம்பெனிக் குழாய் அறுபட்டு
மறுபடி ஒட்டியிருந்தது.
நடுவே ஒரு ஜாயினர்,
தென்னைக்குச் சொட்டுநீர் இழுக்கிறார்களே,
அந்தக் கருப்புப் பிளாஸ்டிக்.
மேலே கிளிப். திருகின் தலை வழவழத்துக் கிடந்தது.
ஒரே தடவை மாட்டின கிளிப் அப்படித் தேயாது.

படுத்த வாக்கில் கொஞ்சம் இருந்தேன்.
அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது,
குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு.

ஏர் இழுக்குதுங்.
ராத்திரி எண்ணெயெல்லாம்
திரும்ப டேங்குக்கே எறங்கிப் போயிருது.

டேங்குக்கேவா? என்றார்.

கைப்பையிலிருந்து சின்ன டைரி வந்தது.
கார்த்திகையில் லிட்டருக்குப் பதினெட்டு.
மார்கழியில் பதினாறு.
தையில் பதிமூன்றரை, அடியில் இரண்டு கோடு.
ரொப்பறப்பல்லாம் எழுதி வெப்பனுங்.

கையைத் துடைத்தேன்,
அழுக்கு போன பிறகும்.

ஜாயினரை அவரே கேட்டு வாங்கினார்.
டீசல் சொட்ட உள்ளங்கையில் வைத்துத் திருப்பி,
எட்டு எம்எம், எங்க தோட்டத்துதுதான், என்றார்.
தோட்டத்தில் சொட்டுநீர் யார் பார்க்கிறார்கள்
என்று நான் கேட்கவில்லை.
பழைய பில் ஒன்றில் சுற்றிப்
பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதுக் குழாய், கிளிப் ரெண்டு, கூலி:
அறுநூற்று எழுபது.
கைப்பம்பு கெட்டியாகிற வரை அமுக்கினேன்.
ஒரே திருப்பு.
டிராக்டர்காரர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கிளம்பியவர் கண்ணாடியை இறக்கினார்.
யாராச்சும் போன் போட்டுக் கேட்டா
இன்ஜெக்டர் போயிருச்சுன்னு சொல்லுங்.
எவ்வளவுன்னு கேட்டா?
நீங்களே சொல்லுங், என்றார்,
ஊருக்குள்ள என்ன வெலையோ அது.

பதினொன்றாவதற்குள் போன் வந்தது.
பெயர் சொல்லவில்லை. இளம் குரல்தான்.
முப்பதாயிரம், என்றேன்.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
பின்னால் எங்கோ ஒரு டீசல் மோட்டார்
தடையில்லாமல்
தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.