அறுபத்தொன்றாவது முளை

ஜூன் பிறந்து பனி வடிந்ததும்
சங்கம் எங்களை மேலே அனுப்பும்.
நான்கு நாள், மூன்று மலைவிடுதி,
இருநூற்றுப் பன்னிரண்டு இரும்பு முளைகள்,
அவற்றைக் கோத்துக்கொண்டு போகும் ஒரே கம்பிவடம்.
வீஜோ சுத்தியலால் தட்டுவான்,
நான் காதில் வாங்கி எழுதுவேன்.
நல்ல முளை பாடும்.
கெட்ட முளை இருமும்.

முதல் நாள் ஏணிகளிலேயே போயிற்று.
எழுபத்தாறு படி,
ஒவ்வொரு படிக்கும் நடுவில் டோலமைட்டின் வானம்.
வடத்தில் ஓர் இழை அறுந்தால்
முள்ளாக நிமிர்ந்து நிற்கும்;
கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தெரியும்.
என் கையுறையில் பதினொரு ஓட்டை.

இரவு ஓர்சோலாவின் விடுதியில் பார்லி சூப்.
"இந்த வருஷமும் இவனோடா?" என்றாள்.
"சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவன்" என்றேன்.
வேறெதுவும் தெரியாதவன் என்று
அவளாகவே புரிந்துகொண்டு
அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஏற வருகிறவர்களுக்கு
நான் சொல்லும் பாடம் ஒன்றுதான்.
இடுப்பிலிருந்து இரண்டு வார், இரண்டு கொக்கி.
முளை வந்தால் ஒன்றைக் கழற்று,
தாண்டி மாட்டு,
பிறகு மற்றதை.
ஒரு கணமும் இரண்டையும் சேர்த்துக் கழற்றாதே.
பதினான்கு வருடமாகச் சொல்கிறேன்.
தூக்கத்திலும் சொல்வதாக
அடுத்த கட்டிலில் படுக்கும் வீஜோ சொல்கிறான்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கே
மேற்கில் மேகம்
புளித்த மாவு போலப் பொங்கி வழிந்தது.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.
அறுபதில்
ஹெல்மெட்டுக்குள் என் தலைமயிர் எழுந்து நின்றது.
யாரும் தட்டாமலே சுத்தியல் முனகிற்று.
வடம் முழுக்கத் தேனீ.

வீஜோ சுத்தியலைத் தூர எறிந்தான்.
பக்கவாட்டில் ஓர் அகன்ற விளிம்பு,
இரும்பில்லாத இடம்,
பையைப் போட்டு அதன்மேல் குந்தலாம்.
அவன் போய்விட்டான்.
அறுபத்தொன்றில் ஒருத்தி,
இரண்டு கொக்கியோடும் இரண்டு கையோடும்.

"கழற்றுங்கள்."
"கழற்றக் கூடாதென்று காலையில் நீங்கள்தான் சொன்னீர்கள்."
"ஆமாம். இப்போது கழற்றுங்கள்."
"காலையில் சொன்னது பொய்யா, இது பொய்யா?"

இடி எங்களுக்குப் பதில் சொல்லவில்லை,
எண்ண மட்டும் கற்றுக்கொடுத்தது:
ஆறு எண்ணுவதற்குள். பிறகு நான்கு.

"பெயர் என்ன?"
"ராட்கா."
"ஊர்?"
"பர்னோ."
"அங்கே என்ன வேலை?"
"பல் வைத்தியம்."
"வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களை
என்ன செய்வீர்கள்?"

அவள் பேசவில்லை.
ஒரு விரல் பிரிந்தது, பிறகு கை.
ஒரு கொக்கியை நான் கழற்றினேன்.
இன்னொன்றை அவளே.

ஒன்பது அடி தூரம்.
எதிலும் கட்டப்படாமல்
ஒன்பது அடி.
என் பையின் வாரை அவள் பிடித்திருந்தாள்,
நான் எதையும் பிடித்திருக்கவில்லை.
நானூறு மீட்டர் கீழே
ஏதோ மாட்டின் கழுத்துமணி
ஒன்றும் நடக்காததுபோல் கேட்டது.

அப்புறம் ஆலங்கட்டி.
வெள்ளையாய் ஓர் அடி, தீக்குச்சி வாசனை,
காது செத்துப்போனது.
மூன்று பேரும் மூன்று மூட்டையாகக் குந்தியிருந்தோம்.
காது திரும்பியதும் முதலில் கேட்டது அவள் குரல்:
"இடது பக்கம், கீழே, கடைசிக்கு முந்திய பல் சொத்தை.
நீங்கள் கத்தினபோது பார்த்தேன்."
வீஜோ சிரித்த சிரிப்பில்
பாறை ஒன்று உருண்டிருக்கலாம்.

நான்காம் நாள் காலை
ராட்கா சூப்புக்குக் காசு கொடுத்துவிட்டு
பேருந்து நேரத்தைக் கேட்டாள்.
நாங்கள் மறுபடி ஏறினோம்.
சுத்தியல் ஒரு பிளவில் கிடைத்தது.
அறுபத்தொன்றில், வடம் முளையைத் தொடும் இடத்தில்
இரண்டு இழை உருகி
மிளகளவு மணியாக உறைந்திருந்தது.
வீஜோ தட்டினான்.
பாடியது.

"நல்லா இருக்கே" என்றான்,
மறுபடி தட்டினான்.
மறுபடி பாடியது.
'மாற்றுக' என்று எழுதினேன்.
ஏன் என்றான்.

நாக்கு தானாகப் போய்
இடது பக்கம், கீழே,
தடவிக்கொண்டிருந்தது.