ஆடி முப்பத்தொன்று

அம்மாபேட்டை வீட்டுச் சாவியைக்
காலை எட்டு மணிக்கே வாங்கிக்கொண்டார்கள்.
கொண்டலாம்பட்டி வீட்டிலோ
ஆவணி பிறந்தால்தான் பால் காய்ச்சலாம்.
நடுவில் ஒரு பகல், ஓர் இரவு.
கட்டிலும் பீரோவும் மைத்துனனின் தறிக்கொட்டகையில்
தார்ப்பாய்க்குக் கீழே.
எங்களுக்கு ஏது தார்ப்பாய்?

"ஏற்காடு போலாம்" என்றாள் தமயந்தி,
பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல.

இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினொன்றில் பையன் வாந்தி எடுத்தான்.
எலுமிச்சம்பழம் மூட்டையோடு போய்விட்டிருந்தது.

அரண்மனை வாசலில்
பையைத் திறக்கச் சொன்னான் காவலாளி.
உப்புப் பொட்டலம், மஞ்சள் கிழங்கு,
துண்டில் சுற்றிய சாமி படம்.
தறிச் சத்தத்தில் சாமியை விட்டுவர
அவளுக்கு மனசில்லை.
புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"ரெண்டு முழுசு, ஒரு அரை.
சாமிக்கு டிக்கெட் இல்ல."

கோடைக்கு இரண்டு மாதம் வருவாராம் ராஜா.
மீதிப் பத்து மாதம்
அத்தனை அறையும் சும்மா கிடந்திருக்கிறது.
வாடகைக்கு விடலாம் என்று
யாருக்கும் தோன்றியிருக்காது.

கயிறு கட்டி மறித்த அறைகளைத்
தமயந்தி வேறு கண்ணால் பார்த்தாள்.
"இந்த மூலையில பீரோ.
ஃப்ரிட்ஜுக்கு இடமிருக்கு,
ப்ளக் பாயின்ட்தான் இல்ல."
ராணியின் ஆளுயரக் கண்ணாடி முன் நின்றவள்
தன்னைப் பார்க்கவில்லை.
கூரையிலிருந்து இறங்கிய ஓதக் கறையைக் காட்டி,
"இவங்களுக்கும் ஒழுகியிருக்கு" என்றாள்.
குரலில் ஒரு திருப்தி.

பையன் கேட்டான்,
"ராஜா எவ்வளவு அட்வான்ஸ் குடுத்தாருப்பா?"
முன்னால் போன குடும்பம் திரும்பிச் சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
எழுபதாயிரம்.
வெள்ளையடிக்க என்று அதில்
பதினைந்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களை
இடுப்போடு வெட்டியிருந்தது பனி.
ரோஜாப் பாத்திக்கெல்லாம் பெயர்ப் பலகை;
பூவை மழை கொண்டுபோயிருந்தது.
'பழங்களைப் பறிக்காதீர்' பலகையின் காலடியில்
தொப்பென்று ஒரு பேரிக்காய்.
"பறிக்கல, பொறுக்கினேன்" என்றாள்
யாரும் கேட்காமலே.
கல் மாதிரி இருந்தது.
ஆளுக்கொரு கடி.

வெளியே வரும் வழியில் பார்வையாளர் பதிவேடு.
பெயர் எழுதினாள். ஊர் எழுதினாள்.
முகவரியில் பேனா தானாகவே
பழைய கதவு எண்ணுக்குப் போனது.
அடித்தாள்.
"புது நம்பர் என்னங்க?"
மாரியம்மன் கோயில் பின்னால், பச்சை கேட்,
அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.
பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.
ஒரு கோடு போட்டுவிட்டுக்
கருத்து என்ற கட்டத்துக்குத் தாவினாள்:
'காற்றோட்டம் நன்றாக உள்ளது.
சமையலறையைக் காட்டவில்லை.'

ஐந்து மணிக்குச் சன்னல்களைச் சாத்தத் தொடங்கினான்.
எண்ணெய் காணாத தாழ்ப்பாள்கள்,
ஒவ்வொன்றும் ஒரு மாதிரிக் கத்தின.
"கிளம்புங்க சார், டைம் ஆச்சு."
கோபமாகச் சொல்லவில்லை.
காலையில் சொன்னவரும்
கோபமாகச் சொல்லவில்லைதான்.

ஏழு மணி பஸ்ஸில்
பையன் என் தோளில் தூங்கினான்.
அவள் மடியில் பை, பைக்குள் சாமி.
ஏதோ ஒரு வளைவில் மரம் விலகி
சேலம் மொத்தமாகத் தெரிந்தது.
அத்தனையும் யார் யாரோ வீட்டு விளக்கு.
ஈரக் கண்ணாடியில் விரலை ஓட்டித் தேடினாள்.
"அதோ, அந்தப் பக்கம்தான் இருக்கணும்."

அந்தப் பக்கம் கரண்ட் போயிருந்தது.